எண்ணிக்கை முதலில், கணக்கு பிறகு: இந்திய வீட்டுத்திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

2013, 2014 காலத்தில் வன்னியில் யாரையாவது வழியில் கண்டால், சுகம் விசாரித்த கையோடு வரும் அடுத்த கேள்வி "வீடு வந்திட்டுதோ?" என்பதுதான். வீடு என்னவோ கொழும்பு பஸ்ஸில் ஏறி வந்து இறங்கும் சாமான் மாதிரி. கேட்டவர் மனதில் இருந்தது பெரும்பாலும் இந்திய வீட்டுத்திட்டம், போருக்குப் பிறகு இலங்கையின் வடக்கு கிழக்கில் இந்திய அரசு காசு கொடுத்து நடத்தியது. புது வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, உடைந்த வீட்டைத் திருத்த இரண்டரை இலட்சம் ரூபா, இரண்டும் இலங்கைக் காசு. அந்தத் திட்டத்தில் ஒரு நிறுவனத்துக்காகக் கொஞ்ச காலம் அத்திவாரம் அளந்தவன், சுவர் மட்டம் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். போரால் நொந்த மக்களுக்கு இன்னொரு நாட்டின் அரசு உதவி செய்யத் திட்டமிடும்போது எங்கே சரியாகப் போகிறது, எங்கே வழுக்குகிறது என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எங்கள் பக்கத்தில் இல்லை.

முதலில் நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முட்கம்பிக்குள் இருந்தார்கள், அதில் பெரும்பகுதி செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில். இந்தியா அப்போதே உள்ளே வந்துவிட்டது. மருத்துவக் குழு, கண்ணிவெடி அகற்றும் அணிகள், கூரைத் தகரம், சீமெந்து, விதை நெல், 500 உழவு இயந்திரம் என்று வரிசையாக வந்தன. இதெல்லாம் அவசர உதவி. தகரத்தை ஒரு நாளில் இறக்கலாம், திட்டம் என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை. வீடு அப்படியில்லை. 2010 ஜூனில் மகிந்த ராஜபக்ச டெல்லிக்குப் போனபோது இந்தியா 50,000 வீடு கட்டித் தரும் என்ற அறிவிப்பு வந்தது. பிறகு இந்தத் திட்டத்துக்கு இந்தியா ஒதுக்கிய தொகை 1,372 கோடி இந்திய ரூபாய், முழுக்க நன்கொடை, கடன் இல்லை. அந்தக் காலத்தில் வடக்குக்கு வந்த பெரிய வேலைகளில் பல கடனில் வந்தவை என்பதால் இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும்.

50,000 என்ற அந்த எண்ணைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

முன்னோடியாக ஐந்து வட மாவட்டங்களிலும் 1,000 வீடு. 2010 நவம்பரில் அப்போதைய இந்திய வெளிவிவகார அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா யாழ்ப்பாணம் வந்து அரியாலையில் தொடக்கி வைத்தார். அந்த 1,000 வீட்டையும் ஒப்பந்தக்காரர் முறையில் கட்டினார்கள். முடிந்தது 2012 ஜூலையில். ஆயிரம் வீட்டுக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல். அதே வேகத்தில் போனால் மிச்சத்தைக் கட்டி முடிக்க எத்தனை தலைமுறை செல்லும் என்று யாருக்கும் கணக்குப் போட்டுக் காட்டத் தேவையிருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் திட்டத்தின் மிக நல்ல முடிவு எடுக்கப்பட்டது. 2012 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பிறகு முறையே மாறியது. வடக்கு கிழக்கில் அடுத்த 45,000 வீட்டையும் பயனாளியே கட்டுவார், காசு கட்டம் கட்டமாக நேரே அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகும். அத்திவாரம் முடிந்ததா, ஒரு தவணை. சுவர் எழுந்ததா, அடுத்த தவணை. ஐ.நா.வின் வீடமைப்பு அமைப்பான யூஎன் ஹபிடாட், செஞ்சிலுவைச் சங்கம், தேசிய வீடமைப்பு அதிகார சபை, தொண்டு நிறுவனமான ஹபிடாட் ஃபோர் ஹியுமனிட்டி ஆகியவை மாவட்டம் பிரித்து எடுத்துக்கொண்டன. எங்களைப் போன்ற ஆட்கள் போய் அளந்து, படம் எடுத்து, "சரி" என்று எழுதினால் காசு இறங்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. உலக வங்கிக் கடனில் நடந்த வடக்கு கிழக்கு வீடமைப்புப் புனரமைப்புத் திட்டமும் இதே முறையில்தான் காசு கொடுத்தது. சுனாமிக்குப் பிறகு இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஊர் எங்களுடையது. வெளியார் வந்து வரிசையாகக் கட்டிக் கையில் கொடுத்த வீடுகளில் சமையலறை எந்தப் பக்கம் புகையைத் தள்ளும் என்றுகூடச் சிலர் யோசிக்கவில்லை. தன் காசு, தன் வளவு, தன் மேசன் என்று வரும்போது ஆள் நின்று பார்ப்பார், கலவையில் சீமெந்து குறைந்தால் சத்தம் போடுவார், வாசலைக் கிழக்குப் பார்த்து வைப்பார். நடுவில் காசு கசிகிற இடமும் குறையும். ஒரு வெளிநாட்டு அரசு, தனக்கு முகம் தெரியாத நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை நம்பி நேரே காசு போட்டது என்பது சின்ன விசயம் இல்லை. வீடுகளின் பெரும்பகுதி 2015 முடிவதற்குள் எழுந்துவிட்டது. 2018 டிசம்பரில் அந்தக் கட்டத்தையே முடித்துக் கணக்கை மூடினார்கள். ஆகவே இது தோற்ற திட்டம் என்று யாராவது சொன்னால் நான் முதல் ஆளாக மறுப்பேன்.

சரி, வழுக்கல் எங்கே?

ஐந்தரை இலட்சம். வரைபடத்தில் 550 சதுர அடி, இரண்டு அறை, விறாந்தை, குசினி, மலசலகூடம். இரண்டையும் வகுத்தால் சதுர அடிக்குச் சரியாக ஆயிரம் ரூபா வருகிறது. அந்தக் காலத்திலும் இந்த விலையை எந்த ஒப்பந்தக்காரரிடம் போய்ச் சொன்னாலும் சிரித்துவிட்டுத் தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பார். திட்டம் வரைந்தவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. குடும்பத்தின் உழைப்பும் ஊர்க் கைகளும் மிச்சத்தை நிரப்பும் என்பது அவர்களின் கணக்கு. தொகை "உதவி", வீட்டின் முழு விலை இல்லை. ஆனால் இந்த வித்தியாசம் எங்கே எழுதப்பட்டிருந்தது? கூட்டங்களில் சொன்னோம், உண்மைதான். நானும் சொன்னேன். தறப்பாளுக்குக் கீழே மூன்று மாரி கழித்த ஒருவரிடம் "இந்தியா வீடு தருகிறது" என்று பேப்பர் சொன்ன பிறகு, "உங்கள் பங்களிப்பும் தேவை" என்று நாங்கள் மெல்லச் சொன்னது எந்த அளவுக்குக் காதில் ஏறியிருக்கும்?

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். 50,000 என்பது அறிவிப்பில் பிறந்த எண். ஒரு வீட்டுக்கு எவ்வளவு செல்லும் என்று கணக்குப் பார்த்து, கையில் இருக்கும் காசை அதால் வகுத்து வந்த விடை இல்லை. இரண்டு தலைவர்கள் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில் ஓர் எண் ஏறிவிட்டால் பிறகு அதைக் குறைக்க எந்த அதிகாரிக்கும் துணிவு வராது. 45,000உம் புது வீடு என்றே வைத்துக்கொள்வோம், வீட்டுக்கு ஒரு இலட்சம் கூட்டிக் கொடுத்திருந்தால் மேலதிகமாக 450 கோடி இலங்கை ரூபா தேவை. அதே பணத்துக்குள் நிற்பது என்றால் ஏறத்தாழ 38,000 வீடுதான் கட்டலாம். 7,000 குடும்பத்துக்கு இல்லை என்று சொல்வதா, எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு இலட்சம் குறைத்துக் கொடுப்பதா? கடினமான கேள்விதான், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என் வருத்தம் வேறு. அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை, எண் முதலிலேயே பதில் சொல்லிவிட்டது.

ரூபாவும் சும்மா இருக்கவில்லை. 2012 பெப்ரவரியில் மத்திய வங்கி ரூபாவைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டதும், டொலருக்கு 114 அளவில் நின்ற ரூபா சில மாதங்களில் 130ஐத் தாண்டியது. கம்பி விலை, எரிபொருள் விலை, லொறி வாடகை எல்லாம் பின்னாலேயே ஏறின. நன்கொடை நாட்டின் கணக்கில் ரூபா விழுந்தால் அதே இந்தியப் பணத்துக்குக் கூடுதல் இலங்கை ரூபா கிடைக்கும். பயனாளியின் புத்தகத்தில் தொகை அதே ஐந்தரை இலட்சமாகவே நின்றது. ஒரு விலைச் சுட்டியோடு தவணையைக் கட்டிவிட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். அப்படி ஒரு வசனம் உடன்படிக்கையில் ஏறுவதற்கு டெல்லியில் எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்பதையும் யோசிக்கிறேன், கோபம் கொஞ்சம் தணிகிறது.

அப்புறம் மணல். இதைப் பற்றிப் பேசாமல் வன்னி வீடமைப்பைப் பற்றி எழுதவே முடியாது. ஆயிரக்கணக்கான வீடு ஒரே நேரத்தில் எழும்புகிறது. அதே நேரத்தில் ஏ9 வீதி போடுகிறார்கள், பாலங்கள் கட்டுகிறார்கள், ஓமந்தையிலிருந்து காங்கேசன்துறை வரை இந்தியக் கடனில் தண்டவாளம் போடுகிறார்கள். எல்லாருக்கும் மணல் வேண்டும், கல் வேண்டும், மேசன் வேண்டும். மணல் அள்ள அனுமதிப் பத்திரம் வேண்டும், அது கிடைக்க அலைச்சல். கூரைக்குப் பனைமரம் தறிக்கவும் அனுமதி வேண்டும், நிற்கிற பனையில் பாதிக்கு ஷெல் அடித்துத் தலை இல்லை. ஒரு பக்கம் வீட்டுக்குக் காசு கொடுக்கும் அதே அரசின் பணம், இன்னொரு பக்கம் ரயில் பாதையாக வந்து அதே மேசனின் நாள் கூலியை ஏற்றுகிறது. இரண்டு கோப்பும் ஒரே தூதரகத்தில்தான் இருந்திருக்கும். ஒரு கோப்பு மற்றக் கோப்பைச் சந்தித்ததாகக் களத்தில் எனக்குத் தெரியவில்லை. தொடக்க விழாவையும் சொல்ல வேண்டும். பயனாளி கட்டும் கட்டத்தைத் தொடங்கிய நாள் 2012 ஒக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. நல்ல நாள், மறுப்பில்லை. எங்கள் ஊரில் மாரி தொடங்குகிற மாதமும் அதுதான். அத்திவாரக் குழியில் தவளை கத்தும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் பார்த்த ஒரு வளவைச் சொல்கிறேன். கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்குப் பதினாறு. சுவர் லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு சன்னலின் தலை உயரத்தில், நிற்கிறது. பக்கத்தில் தகரக் கொட்டில், அதற்குள் சீமெந்து மூட்டைகளைப் பலகை மேல் அடுக்கித் தறப்பாளால் மூடி, அதன் மேலேயே சின்னப் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தார். களவு போகாது, ஈரமும் ஏறாது என்றார். கணக்கு எழுத ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. நடுவில் கோடு கீறி இடப்பக்கம் "வந்தது", வலப்பக்கம் "போனது". இடப்பக்கத்தில் தவணைகள் மட்டும், நான்கைந்து வரி. வலப்பக்கம் பக்கம் பக்கமாகப் போகிறது. மணல் ஒரு லோட், கல்லரிந்த கூலி, குழி வெட்டிய கூலி, மேசனுக்கு மதியச் சாப்பாட்டுக்கு மீன் என்றுகூட இருந்தது. மற்ற வீடுகளில் மனிசனும் மச்சானும் சேர்ந்து குழி வெட்டுவார்கள், கல்லரிவார்கள், தண்ணீர் சுமப்பார்கள். இவருக்கு ஒவ்வொரு கைக்கும் கூலி. குடும்ப உழைப்பு மிச்சத்தை நிரப்பும் என்ற கணக்கு இந்தக் கொப்பியில் பொருந்தவில்லை, ஏனென்றால் நிரப்புகிற ஆள் போரில் போய்விட்டார். இத்தனைக்கும் அவர் பட்டியலில் முன்னுக்கு வந்ததே பெண் தலைமைத்துவக் குடும்பம் என்பதற்குக் கிடைத்த புள்ளியால்தான்.

"தம்பி, இது தந்த வீடோ, கட்டச் சொன்ன வீடோ?" என்று கேட்டார். நான் மட்டப் பலகையைச் சுவரில் வைத்துப் பார்க்கிற மாதிரி நின்றேன்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி தனியாக இருந்தது. ஒன்று மூத்தவளின் தோடு, அடகுக் கடை. மற்றது ஒரு நுண்கடன் கம்பனி, கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு. கூரை போட்டு முடித்தால்தான் கடைசித் தவணை இறங்கும், கூரை போடக் காசு இல்லை, ஆகவே கடன். தவணை வந்ததும் கடனைக் கட்டலாம் என்று பார்த்தால், அதற்குள் கதவு நிலை. எங்களுடைய படிவத்தில் "முன்னேற்றம் திருப்தி" என்ற பெட்டி இருந்தது, கடன் எவ்வளவு என்று கேட்கப் பெட்டி இல்லை. வேலை முடிந்த வீதத்தைத்தான் மேலே அனுப்பினோம், அந்த வீதம் எப்படி முடிந்தது என்பதை இல்லை. இப்படிப் பல வீடுகளில் பார்த்தேன். 2018இல் அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்ய வேண்டி வந்ததற்குப் பல காரணம் உண்டு. வீட்டுத்திட்டம் மட்டும்தான் காரணம் என்றால் அது பொய். ஆனால் அந்தக் கடன்களுக்குள் சில கூரைகளும் இருந்தன.

பட்டியலைப் பற்றி. கிராம அலுவலரிடம் பதிவு, பிறகு புள்ளி, பிறகு பெயரைப் பொது இடத்தில் ஒட்டி ஆட்சேபம் கேட்பது. முறை வெளிப்படையானது, நான் பார்த்த மற்றத் திட்டங்களைவிட மேல். புள்ளி முறையின் குணம் என்னவென்றால் யாரைக் கவனிக்க வேண்டும் என்று முன்கூட்டியே நினைத்தோமோ அவர்களுக்கு மட்டும்தான் அது கண் திறக்கும். பிள்ளைகள் அதிகம் உள்ள குடும்பத்துக்குப் புள்ளி ஏறும். பிள்ளைகள் எல்லாரும் செத்துப்போன கிழவனும் கிழவியும் இரண்டு பேர் என்பதால் கீழே போவார்கள். "பிள்ளையளைக் குடுத்ததாலதான் வீடு இல்லாமப் போச்சு" என்று ஓர் அப்பு கிராம அலுவலர் கந்தோர் வாசலில் சொன்னதைக் கேட்டு எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம். ஆட்சேபக் குழுக்கள் சிலரைக் காப்பாற்றின, எல்லாரையும் இல்லை.

காணி இன்னொரு கதை. காணி உறுதிப் பத்திரம் தொலைந்தவர்கள், அரச காணிக்கான பெர்மிட் தாத்தாவின் பெயரில் இருப்பவர்கள், பெர்மிட்டே இல்லாமல் முப்பது வருடம் குடியிருந்தவர்கள். பிரதேச செயலகம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று நடைமுறையில் இளக்கினார்கள், நல்லது. இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிக்கு எந்தக் கடிதமும் உதவவில்லை. 2012 செப்டெம்பரில் மெனிக் பாமை மூடியபோது கேப்பாபிலவு மக்களைச் சொந்த ஊருக்கு விடாமல் வேறு இடத்தில் "மாதிரிக் கிராமம்" என்று இறக்கினார்கள். சொந்தக் காணிக்குப் போகக் காத்திருக்கும் ஒருவர் வேறு இடத்தில் வீடு கட்டினால், "இனி உனக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்பார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கும். வீட்டை மறுப்பதா, ஊரை விடுவதா என்று மக்களை யோசிக்க வைக்கும் இடத்தில் நன்கொடை நாடு வெறும் பார்வையாளராக இருக்க முடியாது. வடக்கின் மீள்குடியேற்றத்தைக் கையில் வைத்திருந்த ஜனாதிபதி செயலணியின் அனுமதி இல்லாமல் வடக்கில் அப்போது ஒரு தொண்டு நிறுவனம் நகரவும் முடியாத நிலையில், பெறுகின்ற அரசு காட்டும் காணியில்தான் வீடு என்று ஒத்துக்கொள்வதைத் தவிர வழி இருந்ததா என்றும் கேட்கலாம். இருந்தது என்றுதான் நினைக்கிறேன். 1,372 கோடி வைத்திருப்பவருக்கு மேசையில் ஒரு குரல் இருக்கும்.

எனக்கு இன்றும் விளங்காத ஒன்று, தமிழ்நாட்டு முகாம்கள். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இலங்கையிலிருந்து போன அகதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். இந்தியப் பணத்தில்தான் அவர்களுக்கு மாதக் கொடுப்பனவும் போகிறது. இந்தப் பக்கம் அதே இந்தியா வீடு கட்டியது. திரும்பி வர நினைக்கும் ஒரு குடும்பத்தின் முதல் பயம் "போனால் எங்கே படுப்பது?" என்பது. இரண்டு திட்டத்தையும் ஒரே கயிற்றில் கட்ட இதைவிட வெளிப்படையான இடம் இல்லை. ஆனால் பட்டியல் எழுதப்பட்டது கிராம அலுவலரின் பதிவில் இருந்து. மண்டபம் முகாமில் இருப்பவர் பெயர் அதில் வராது. வந்து பதிந்து, அங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமைப் பத்திரம் எடுத்து முடிப்பதற்குள் அந்தக் கிராமத்துக்கான எண்ணிக்கை முடிந்திருக்கும். அப்படிப் பிந்தி வந்த ஒரு குடும்பம் அண்ணன் வீட்டு விறாந்தையில் இருந்தது. அந்த விறாந்தையே இன்னும் பூசி முடியவில்லை.

மலையகத்தில் கட்டிய அடுத்த 4,000 வீட்டைப் பற்றி விரிவாக எழுத எனக்குத் தகுதி இல்லை, நான் அங்கே வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். அங்கே ஒரு வீட்டுக்கு ஒன்பதரை இலட்சம் வைத்தார்கள். மலைக்குச் சாமான் ஏற்றுவது செலவு என்பது ஒரு காரணம், வடக்கில் பட்ட பாடமும் ஒரு காரணமாக இருந்தால் சந்தோசம்.

ஒப்பிட ஒன்று வேண்டுமென்றால் பொருத்து வீடு இருக்கிறது. 2015இல் வந்த அரசாங்கம் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடு என்று ஒரு திட்டத்தைக் கொண்டு வந்தது, வெளிநாட்டுக் கம்பனி, வெளிநாட்டுக் கடன், ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம். ஒரு பொருத்து வீட்டுக் காசுக்கு ஏறத்தாழ நான்கு குடும்பம் இந்தியத் திட்ட வீடு கட்டியிருக்கும். மாதிரி வீட்டைப் பார்க்கப் போன சனம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. வெயிலுக்கு எப்படி, உடைந்தால் யார் திருத்துவது, ஒரு அறை கூட்டிக் கட்டலாமா என்று கேட்டார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் பொறியியலாளர்களும் எதிர்த்தார்கள், கடைசியில் திட்டம் படுத்துவிட்டது. எனக்கு அதில் பிடித்தது என்னவென்றால், அந்தக் கேள்விகளைச் சனம் அத்தனை தெளிவாகக் கேட்டதற்கு ஒரு காரணம் அவர்கள் ஏற்கனவே தங்கள் கையால் ஒரு வீடு கட்டிப் பார்த்திருந்ததுதான். கம்பிக்கு என்ன விலை, கல்லுக்கு என்ன விலை என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். 21 இலட்சம் என்றதும் கொப்பியை எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு நாட்டில் இப்படி ஒரு திட்டம் வரைய யாராவது என்னைக் கூப்பிட்டால் (கூப்பிட மாட்டார்கள்), காசைக் குடும்பத்தின் கையில் கொடுக்கும் முறையில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்பேன். உழைக்கும் கை இல்லாத வீட்டுக்குக் கூலிக்கென்று ஒரு தொகையைத் தனியாக வைக்கச் சொல்வேன். எல்லாருக்கும் கூட்ட வேண்டியதில்லை, அந்த வீடுகளுக்கு மட்டும், ஏனென்றால் அவர்கள் யார் என்று புள்ளிப் பட்டியலே ஏற்கனவே சொல்லிவிட்டது. கூரைத் தவணையைக் கூரைக்கு முன்னால் கொடுக்கச் சொல்வேன். களப் படிவத்தில் கடனுக்கு ஒரு பெட்டி. விழா எந்த நாளில் வேண்டுமானாலும் நடக்கட்டும், முதல் தவணை மாரி கழிந்து தை மாதம். எண்ணிக்கையை மேடையில் சொல்வதற்கு முன்னால் ஒரு மேசனிடம் போய் விலை கேட்கச் சொல்வேன்.

அந்த வளவுக்குச் சில வருடம் கழித்து வேறு வேலையாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். கூரை ஓடு இருந்தது, கதவு இருந்தது, முன் சுவர் பூசி நீல நிறம் அடித்திருந்தார், மற்ற மூன்று பக்கமும் கல் அப்படியே தெரிந்தது. நுண்கடன் கட்டி முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது, தோடுதான் மூழ்கிப் போச்சு என்றார். கொப்பியைக் கேட்டேன். அது இப்போது சின்னவளிடம் இருக்கிறது, மிச்சத் தாளில் கணக்குச் செய்து பழகுகிறாள் என்று சொல்லிவிட்டு, இருங்கோ தம்பி, தேத்தண்ணி ஊத்துறன் என்று குசினிக்குள் போனார். அந்தக் குசினியின் சன்னலைத் திட்டத்தின் வரைபடத்தில் இருந்த இடத்தில் வைக்காமல் காற்று வரும் பக்கமாக மாற்றி வைத்திருந்தார். அன்றைக்கு அதை நான் படிவத்தில் குறையாக எழுதியிருந்தேன்.